வெங்காயப் பட்டறையா, அரைக்கும் மெஷினா: மானியத்தை எங்கே கேட்பது?

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலையில் சித்தப்பா, வெங்காயத்தை அடுக்கி மூடி வைத்திருந்த பட்டறையின் ஓலையை விலக்கிக் கையை உள்ளே விட்டார். முழங்கை வரை போனதுமே முகம் மாறிவிட்டது. "சூடேறிப்போச்சுடா தம்பி" என்றார். நல்ல வெங்காயத்துக்குள் கை விட்டால் குளுகுளுவென்று இருக்கும், காய்ந்த தோல் சலசலக்கும். அன்றைக்கு அவர் அள்ளி வெளியே போட்டது வெதுவெதுப்பாக இருந்தது. அழுத்தினால் விரல் பதிந்தது. பக்கத்தில் நிற்க முடியாத வாடை. ஆடியில் பிடுங்கி ஐப்பசி நடவுக்கு விதையாக வைத்திருந்த காய் அது. பிரித்து, கழித்து, உலர்த்திப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. குறைந்த விதையை வெளியில் வாங்கினார். ஆடியில் தன் காய்க்கு என்ன விலை வாங்கினாரோ, அதைப் போல இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினார்.

நாங்கள் பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் பக்கம். பதினான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழுவாக இருக்கிறோம். மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் உண்டு என்றாலும், கிணறு இருக்கிற காட்டில் எல்லோருக்கும் சின்ன வெங்காயம்தான். மொத்தமாகக் கூட்டினால் 38 ஏக்கர் வரும். அந்த வாரமே குழுவில் பேச்சு எழுந்தது. "அரசாங்கத்துல எவ்வளவோ மானியம் இருக்குங்கறாங்க, நாம ஏன் வாங்கல?" என்று ஒருவர் ஆரம்பித்தார். ஆளுக்கு ஒரு திட்டத்தின் பெயரைச் சொன்னார்கள். ஒருவருடைய செல்போனில் 'பத்து லட்சம் இலவசம்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. இன்னொருவர் வட்டியில்லாக் கடன் என்றார். குழுக் கணக்கு எழுதுகிறவன் என்பதால் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தோட்டக்கலை அலுவலகம், தொழில் மையம், இரண்டு வங்கிகள், பக்கத்து ஊரில் கம்பெனி நடத்தும் ஒரு குழு என்று இரண்டு மாதம் அலைந்தேன். எங்களைப் போல வெங்காயமோ மஞ்சளோ முருங்கையோ வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சொட்டுநீர் பற்றி இங்கே பேசப்போவதில்லை. சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று தமிழ்நாட்டில் கிடைக்கிறது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை, போடாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். குழம்புவதெல்லாம் அறுவடைக்குப் பிறகான பணத்தில்தான்.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஒன்று, தோட்டக்கலைத் துறை வழியாக வரும் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம். 2005-06இல் தேசிய தோட்டக்கலை இயக்கமாகத் தொடங்கி, 2014-15 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. வெங்காயச் சேமிப்புக் கொட்டகை, சிப்பம் கட்டும் அறை, குளிர்பதனக் கிடங்கு எல்லாம் இதில் வரும். இரண்டாவது, 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் உணவுப் பதப்படுத்தும் குறு நிறுவனங்கள் திட்டம். அலுவலகங்களில் பி.எம்.எஃப்.எம்.இ. என்றே சொல்கிறார்கள். மூன்றாவது, அதே ஆண்டு வந்த வேளாண் உட்கட்டமைப்பு நிதி. நான்காவது, விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் கம்பெனியாக, அதாவது உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டு அதற்கான நிதியைக் கேட்பது.

நான்குக்கும் பொதுவான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் எதிலும், நீங்கள் விண்ணப்பம் கொடுத்ததும் கையில் பணம் வராது. முதலில் உங்கள் பணம் போக வேண்டும், அல்லது வங்கிக் கடன் போக வேண்டும், அல்லது உறுப்பினர்களின் பங்குப் பணம் போக வேண்டும். அரசின் பணம் அதற்குப் பின்னால்தான் வரும். இது எங்கள் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்கே பேச்சின் போக்கு மாறிவிட்டது.

சேமிப்புக் கொட்டகை

25 டன் கொள்ளளவுள்ள குறைந்த செலவு வெங்காயச் சேமிப்புக் கொட்டகைக்கு 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி செலவு வரம்பு 1,75,000 ரூபாய். அதில் 50 சதவீதம், அதாவது 87,500 ரூபாய் மானியம். 2025இல் நெறிகளைத் திருத்தி வரம்புகளை உயர்த்தியிருக்கிறார்கள். அதனால் இந்த ஆண்டுத் தொகை எவ்வளவு என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பழைய தொகையை வைத்தே கணக்குப் போடுகிறேன், கணக்கின் வழி மாறாது.

50 சதவீதம் என்பது நீங்கள் செலவழித்ததில் பாதி என்று நினைத்துவிடாதீர்கள். வரம்பில் பாதி, அல்லது செலவில் பாதி, எது குறைவோ அது. சிமெண்ட் தூண், இரும்புக் கம்பி, தகரம், கொத்தனார் கூலி எல்லாம் சேர்ந்து இரண்டரை லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அதே 87,500தான். 50 என்று சொன்னது 35 சதவீதமாகிவிட்டது. அந்த இரண்டரை லட்சத்தை வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கி, மானியம் வர ஆறு மாதம் ஆனால், வட்டி மட்டும் 30,000 ரூபாய். மீதி நிற்பது 57,500. நகையை வைத்து ஒரு வட்டிக்குள் எடுக்க முடிந்தால் கொஞ்சம் தேறும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். எனக்கு இதைச் சொன்னவர் ஒரு தோட்டக்கலை அலுவலர்தான். "மானியத்தை நம்பிக் கட்டாதீங்க சார், கட்டணும்னு முடிவு பண்ணிட்டு மானியம் கேளுங்க" என்றார்.

நடைமுறை சிக்கலானதல்ல. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம் கொடுத்துத் தோட்டக்கலைத் துறையின் இணையதளத்திலோ உழவன் செயலியிலோ பதிய வேண்டும். அலுவலர் வந்து இடத்தைப் பார்ப்பார். வேலை ஆணை கிடைத்த பிறகே கட்ட வேண்டும். ஏற்கெனவே கட்டிவிட்டு மானியம் கேட்டால் கிடைக்காது. எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அப்படித்தான் ஏமாந்தார். முடித்த பிறகு மறுபடி வந்து, இடத்தின் அடையாளத்தோடு படம் எடுத்துப்போவார்கள். பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். இதற்குப் பெயர் பின்னேற்பு மானியம்.

இன்னொரு விஷயம், இலக்கு. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கிட்டுக் கொடுக்கும் திட்டம் என்பதால், ஆண்டுக்கு இத்தனை கொட்டகை என்று மாவட்டத்துக்கு எண்ணிக்கை வரும், அதிலிருந்து வட்டாரத்துக்குப் பிரியும். தை மாதம் போய்க் கேட்டால் "இந்த வருஷ இலக்கு முடிஞ்சுது" என்பார்கள். சித்திரை, வைகாசியிலேயே பெயர் கொடுத்து வைத்துவிட வேண்டும்.

சரி, கொட்டகை உண்மையிலேயே பலன் தருமா? எங்கள் ஊர்ப் பட்டறையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தரையில் கல் வைத்து, மேலே மூங்கிலோ மரக்கட்டையோ பரப்பி, தாளோடு (இலையோடு) பிடுங்கி வாடவிட்ட வெங்காயத்தை நீளமாக அடுக்கி, மேலே ஓலை போட்டு மூடுவது. அகலம் குறைவாக வைத்துக் காற்றோட்டமான திசையில் போட்டால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். எங்கள் தாத்தா காலத்திலிருந்து இதுதான். மழைச்சாரல் பக்கவாட்டில் அடித்தால்தான் கெடுகிறது, இல்லாவிட்டால் அடியில் காற்று போகாமல் சூடேறிக் கெடுகிறது. அரசு சொல்லும் கொட்டகையில் இந்த இரண்டுக்கும் வழி செய்திருக்கிறார்கள். தரையிலிருந்து உயர்த்திய தளம், அடியிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காற்று வரும் அமைப்பு, சாரல் உள்ளே வராதபடி நீட்டிய கூரை. புனே பக்கத்தில் ராஜகுருநகரில் இருக்கும் வெங்காயம் பூண்டு ஆராய்ச்சி நிறுவனம் பெரிய வெங்காயத்துக்கு இப்படிப்பட்ட கொட்டகைகளை வடிவமைத்திருக்கிறது. சின்ன வெங்காயத்தைத் தாளோடு வைக்கிறோம் என்பதால் அது இன்னும் நெருக்கமாக அமுங்கும். அவர்களுடைய வரைபடத்தில் இருக்கும் உயரத்துக்குக் கொட்டாமல் கொஞ்சம் தாழ்த்தி வைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பலனைக் கணக்கிடும்போது பலரும் விலையை நினைத்தே பேசுகிறார்கள். "வச்சிருந்தா ஏறும்." ஏறலாம். 2019 டிசம்பரில் சில்லறையில் கிலோ 150 ரூபாயைத் தாண்டியதை யாரும் மறக்கவில்லை. ஆனால் 2023 டிசம்பர் 8 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. 2024 மே 4 வரைக்கும் நீடித்தது. அப்புறம் 40 சதவீத வரி, அது செப்டம்பரில் 20 ஆகி, 2025 ஏப்ரல் 1இல்தான் நீங்கியது. பெரிய வெங்காயத்தின் விலையைப் பார்த்துப் போடும் தடையில் சின்ன வெங்காயமும் சேர்ந்தே அடிபடுகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் இலங்கையும் சின்ன வெங்காயத்தையும் வாங்குகின்றன. இரண்டுக்கும் ஏற்றுமதிக் குறியீட்டைத் தனித்தனியாகப் பிரியுங்கள் என்று நம் பக்கத்து விவசாயிகள் வெகுநாளாகக் கேட்கிறார்கள். ஆகவே விலைக்காகச் சேமிப்பது சூதாட்டம் மாதிரி. கொட்டகை அதைக் குறைக்காது, சூதாட இன்னும் கொஞ்சம் காலம் தரும், அவ்வளவுதான்.

நிச்சயமான பலன் விதையில்தான் இருக்கிறது. ஒரு ஏக்கர் நடவுக்கு 400 முதல் 600 கிலோ வரை விதை வெங்காயம் வேண்டும். சராசரி 500 என்று வைத்தால், எங்கள் 38 ஏக்கருக்கும் 19 டன். ஒரே ஒரு 25 டன் கொட்டகை பதினான்கு குடும்பத்தின் விதையையும் தாங்கும்! இந்தக் கணக்கைக் கூட்டத்தில் சொன்னபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஆளுக்கொரு கொட்டகை என்று பதினான்கு விண்ணப்பம் போடத் தயாராக இருந்தோம். கோ 5 ரகத்தை விதை போட்டு நாற்று விட்டால் ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதுமே, சேமிப்பே வேண்டாமே என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகம், விளைச்சலும் நன்றாக இருக்கிறது. ஆனால் நாற்றுவிட்டு நடுவதால் வயது கூடுகிறது. காய் வைத்து நட்டால் 65, 70 நாளில் பிடுங்குகிற எங்களுக்கு அந்தக் கூடுதல் நாட்களின் தண்ணீர் பெரிய விஷயம். இரண்டு மூன்று பேர் மாறலாம், எல்லோரும் மாற மாட்டோம்.

மெஷின்

பத்து லட்சம் இலவசம் என்று வந்த செய்தி பி.எம்.எஃப்.எம்.இ. பற்றியது. அது இலவசம் இல்லை. திட்டச் செலவில் 35 சதவீதம், தனிநபர் தொழிலுக்கு அதிகபட்சம் 10 லட்சம். மீதி வங்கிக் கடன், அதில் உங்கள் பங்கு குறைந்தது 10 சதவீதம். நிலத்தின் விலை சேராது. கட்டடச் செலவு மொத்தத்தில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். திட்ட அறிக்கை எழுதவும் விண்ணப்பிக்கவும் மாவட்ட வள நபர் என்று ஒருவர் இருப்பார். அவருக்கான ஊதியம் திட்டத்திலிருந்தே வருவதால், நடுவில் யாராவது கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். 2025-26 வரை நீட்டிக்கப்பட்ட திட்டம் இது. நீங்கள் போகும்போது விண்ணப்பம் எடுக்கிறார்களா என்பதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

20 லட்சத்தில் வெங்காயத்தை உரித்து, உலர்த்தி, பொடியாக்கும் ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். கையிலிருந்து 2 லட்சம். வங்கிக் கடன் 18 லட்சம். மானியம் 7 லட்சம் வங்கிக்கு வந்து தனிக்கணக்கில் உட்காரும். அந்த அளவுக்கு வட்டி போட மாட்டார்கள். கடைசித் தவணை வாங்கியதிலிருந்து மூன்று ஆண்டு ஆன பிறகு, கடன் ஒழுங்காக இருந்து தொழிலும் நடந்துகொண்டிருந்தால் மட்டுமே அது கடனில் கழியும். நடுவில் மூடினால் மானியமும் போச்சு. மீதி 11 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 23,000 ரூபாய். வெங்காயம் இருக்கிற மாதமும் இல்லாத மாதமும் கட்ட வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பயம் வந்தது. கிலோ 20 ரூபாய்க்கு விற்கும்போது பொடி நல்ல தொழில். 80க்குப் போனால் பச்சை வெங்காயமாகவே விற்பதில்தான் லாபம், மெஷின் சும்மா நிற்கும். விவசாய இலவச மின்சாரத்தில் அதை ஓட்ட முடியாது, தனி இணைப்பு வாங்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். பாக்கெட், லேபிள், கடைக்காரருக்குக் கடன் என்று அது வேறொரு வாழ்க்கை. காலையில் மருந்தடித்துவிட்டு மத்தியானம் மெஷினைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். தினமும் எட்டு மணி நேரம் அதிலேயே நிற்க வீட்டில் ஒருவர் இருந்தால் மட்டும் யோசியுங்கள். எங்கள் குழுவிலிருந்து ஒருவர் ஆர்வமாக வங்கிக்குப் போனார். நாலைந்து முறை அலையவிட்டுக் கடைசியில், பழைய பயிர்க்கடன் ஒன்று தவணை தவறியதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நீங்கள் போவதற்கு முன்பே உங்கள் சிபில் மதிப்பெண்ணைப் பார்த்துவிடுங்கள்.

ஆனால் அதே திட்டத்தில், யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பாத ஒரு சின்ன பகுதி இருக்கிறது. உணவுப் பொருள் செய்யும் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம். சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு வழியாகக் கடனாக வரும், அங்கேயே திருப்பிக் கட்டலாம். நடைமுறை மூலதனத்துக்கும் சிறு கருவிகளுக்கும் பயன்படுத்தலாம். இதைப் படித்ததும் எனக்கு என் அத்தைதான் நினைவுக்கு வந்தார்.

அத்தை பங்குனி பிறந்ததும் வடகம் போட ஆரம்பித்துவிடுவார். சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாக இடித்து, ஊறவைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடிப்பார். காலையில் வெயிலில் வைத்து, மாலையில் உதிர்த்து, மறுபடி உருட்டி, மறுநாளும் வெயில். தண்ணீர் வற்ற வற்ற விளக்கெண்ணெய் தொட்டு உருட்டுவார். நன்றாகக் காயப் பத்து நாளுக்கு மேலாகும். கல்லு மாதிரி ஆன ஒரு உருண்டையை உடைத்து மீன்குழம்பில் தாளித்தால் தெருமுனை வரை வாசம் வரும். திருச்சியிலும் சென்னையிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள். அவரோடு ஐந்து பெண்கள் சேர்ந்து செய்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது 20 லட்ச ரூபாய் மெஷின் இல்லை. மழை வந்தால் நனையாத ஒரு உலர்த்தும் இடம், ஒரு இடிக்கும் இயந்திரம், வெங்காயம் மலிவாக இருக்கும் மாதத்தில் மொத்தமாக வாங்கப் பணம். ஒரு மூட்டை 1,000 ரூபாய்க்கு வரும்போது வாங்கிப் போட்டால்தானே வடகத்தில் காசு நிற்கும்? ஆறு பேருக்கு 2,40,000 ரூபாய் வரை கிடைக்கும் என்று சொன்னபோது, "அவ்வளவு எதுக்குப்பா, பாதி போதும்" என்றார்.

உட்கட்டமைப்பு நிதி

இதை மானியம் என்றே பலர் சொல்கிறார்கள். உண்மையில் இது வட்டிச் சலுகை. 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும், அதிகபட்சம் ஏழு ஆண்டுக்கு. வங்கி 9 சதவீதத்துக்கு மேல் வட்டி போடக் கூடாது என்பதால் கையிலிருந்து போவது 6 சதவீதம். 2 கோடி வரைக்கும் கடன் உத்தரவாதமும் உண்டு, அதற்கான கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதில் எனக்குப் பிடித்தது, தோட்டக்கலை மானியத்தோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான். ஒன்றை வாங்கினால் மற்றது கிடையாது என்ற பேச்சு தவறு.

ஆனால் தொகையைப் பாருங்கள். ஒரு கொட்டகைக்கு ஒன்றரை லட்சம் கடன் என்றால் முதல் ஆண்டுச் சலுகை 4,500 ரூபாய். அதற்காகத் திட்ட அறிக்கை எழுதி, இணையத்தில் பதிந்து, வங்கி மேலாளரைப் பார்க்க நாலு நாள் வேலையை விட்டுப் போவது வீண். 25 லட்சம் கடன் வாங்கித் தரம் பிரிக்கும் கொட்டகையும் கிடங்கும் கட்டுபவருக்கு முதல் ஆண்டே 75,000 மிச்சம். அவர் கண்டிப்பாகப் போக வேண்டும். எங்களைப் பொறுத்தவரை இது இரண்டு மூன்று ஆண்டு கழித்துப் பார்க்க வேண்டியது. புதுக் கடன் வழங்கும் காலம் 2025-26 வரை என்றுதான் திட்டத்தில் இருந்தது, அதையும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனி

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான 10,000 நிறுவனங்கள் திட்டம் 2020 பிப்ரவரியில் வந்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர். மூன்று ஆண்டுக்கு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை. உறுப்பினர் போடும் பங்குக்கு இணையாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சம் வரை அரசு போடும் என்று அந்தத் திட்டத்தில் இருந்தது. எண்ணிக்கையைப் பார்த்தால் இதுதான் பெரிய பணம்.

ஆனால் நாங்கள் பதினான்கு பேர். 286 பேரை எங்கிருந்து கொண்டுவருவது? கையெழுத்து வாங்கிவிடலாம், ஆதார் நகல் வாங்கிவிடலாம். ஆனால் வியாபாரி வந்து கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்தால், அன்றைக்கு எத்தனை பேர் கம்பெனிக்குக் காய் கொடுப்பார்கள்? பக்கத்து ஊர்க் கம்பெனிக்காரர் மனம்விட்டுப் பேசினார். "நிர்வாகப் பணம் வர்ற மூணு வருஷமும் ஆபீஸ், மேனேஜர், கம்ப்யூட்டர் எல்லாம் இருந்துச்சுங்க. நாலாவது வருஷம் சம்பளம் கொடுக்க யாவாரம் இல்ல." தமிழ்நாட்டில் 2017-18இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தபோது நூறு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் கருவிகள் வாங்க 5 லட்சம் கொடுத்தார்கள். சேர்ந்து விற்றுப் பழகியிருந்த குழுவுக்கு அது நல்ல தொடக்கமாக இருந்திருக்கும். பணத்துக்காகவே சேர்ந்தவர்கள் ரோட்டவேட்டர் யார் வீட்டில் நிற்பது என்பதில் பிரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் ஏற்கெனவே ஐம்பது பேராவது ஒரே லாரியில் காய் ஏற்றி அனுப்புகிறீர்கள் என்றால் தாராளமாகக் கம்பெனியாகப் பதியுங்கள். இல்லையென்றால் முதலில் அந்த லாரியை ஏற்றுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு

நான் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் வைத்தேன். நம் பணம் எந்த இடத்தில் தொலைகிறது? முன்பணம் யாரிடம் இருக்கிறது? முதல் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். திருகல் நோய் மாதிரி நோய்களில் காட்டிலேயே பயிர் போவது ஒரு பக்கம், அதற்கு இந்த மானியம் எதுவும் மருந்து இல்லை. அறுவடைக்குப் பிறகு போவது ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில், பட்டறையில். பொடி ஆக்காததால் நாங்கள் நஷ்டப்படவில்லை. கம்பெனி இல்லாததால் நஷ்டப்படுகிறோமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. விதை அழுகுவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் கடினமாக இருந்தது. மானியம் நிலத்துக்காரர் பெயருக்குத்தான் வரும், கட்டுவதும் அவர் பணத்தில். முன்பணம் வைத்திருக்கிறவர் இரண்டே பேர். ஒருவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறான். மற்றவர் மாட்டை விற்று வைத்திருக்கிறார். அவர்கள் கட்ட, மற்றவர்கள் விதையை வைக்க, மூட்டைக்கு இவ்வளவு வாடகை என்று பேசினோம். வாடகையை முதல் பருவத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவது என்று பெரியப்பா ஒருவர் சொன்னார். அது நல்ல யோசனை. பன்னிரண்டு பேரின் முன்வாடகை சேர்ந்தால் கட்டுகிறவர் இரண்டு வட்டிக்குப் போக வேண்டியதில்லை, மேலே சொன்ன 30,000 ரூபாய் வட்டி யாருக்கும் இல்லை. ஒரே கொட்டகை போதும் என்றாலும் இரண்டு கட்டுகிறோம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஐந்து குடும்பங்களுக்கு மழையில் வண்டி வராது. மீதி இடத்தில், தாள் அறுக்க ஆள் கிடைக்காத வாரங்களில் விற்பனைக் காயை இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம். யாருடைய விதை எந்தப் பகுதியில் என்று பலகை வைத்துப் பிரித்துவிட வேண்டும், நோய் வந்த காட்டுக் காயை உள்ளே விடக்கூடாது என்று இரண்டையும் பத்திரத்தில் எழுதினோம். வெறும் முத்திரைத்தாள்தான், ஆனாலும் எழுதி வைத்தோம்.

சித்தப்பாவுக்கு இதில் ஒரு குறை. "என் வெங்காயம் இன்னொருத்தன் காட்டுல தூங்கணுமா?" என்று கேட்டார். தன் பட்டறையையும் விடப்போவதில்லை. பாதி விதை அங்கே, பாதி இங்கே என்று இந்த ஆண்டு வைத்துப் பார்க்கிறேன் என்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஐப்பசியில் இரண்டிலும் கை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டு விண்ணப்பங்களும் சித்திரை இரண்டாம் வாரம் கொடுத்தாகிவிட்டது. அத்தையின் குழுவுக்குக் கூட்டமைப்பில் அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் போன பங்குனியில் எத்தனை கிலோ வடகம் போட்டார்கள், யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். பாதி ஆட்களின் பெயர் அவருக்கு நினைவில்லை, செல்போனில் வந்த பணத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.